வெர்சோவா ஆமையும் போரிவலி கார்வியும்: இரண்டும் ஒரே உத்தியா?

தாராவியில் மாலைநேரத் தமிழ் வகுப்பு நடத்தும் ஆசிரியர் ஒருவரின் கேள்வி இது: "குறிஞ்சி, நெய்தல் நிலங்களைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது மும்பையிலிருந்தே உதாரணம் காட்ட விரும்புகிறேன். நெய்தலுக்கு வெர்சோவா கரையில் முட்டையிட்ட பங்குனி ஆமை. குறிஞ்சிக்கு போரிவலி மலையில் எட்டாண்டுக்கு ஒருமுறை பூக்கும் கார்விச் செடி. இரண்டும் கூட்டமாகச் சேர்ந்துதான் இனம் பெருக்குகின்றன, எனவே இரண்டும் ஒரே உத்தி என்று பிள்ளைகளிடம் சொல்லலாமா? அவர்களை அழைத்துப்போய்க் காட்ட எது நல்ல சமயம், எந்த இடம்?"

பாதி சரி, ஐயா. கூட்டமாக வருவது இரண்டுக்கும் பொது. ஆனால் கார்வி வாழ்நாளில் ஒரே ஒருமுறை பூத்து, விதை கொடுத்துவிட்டு, செத்துப்போகிறது. ஆமையோ பதினைந்து வயதை ஒட்டிப் பருவத்துக்கு வந்து, அதன்பின் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பக் கரையேறுகிறது. எதைக் காப்பாற்றினால் அந்த இனம் பிழைக்கும் என்பது இந்த ஒரு வேறுபாட்டைப் பொறுத்தது. அதைச் சொல்லாமல் "ஒரே உத்தி" என்று முடித்துவிட்டால் பிள்ளைகள் தவறாகப் புரிந்துகொள்வார்கள்.

முதலில் எந்த ஆமை, எந்தச் செடி என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். தமிழகக் கரையில் பங்குனி ஆமை, சிற்றாமை என்று சொல்வதும், செய்தித்தாள்கள் ஆலிவ் ரிட்லி என்று எழுதுவதும் ஒன்றுதான்: லெப்பிடோசெலிஸ் ஒலிவேசியா. ஓட்டின் நீளம் 60 முதல் 70 செ.மீ., எடை 35 முதல் 45 கிலோ. கடலாமைகளில் சிறியவற்றுள் ஒன்று. கார்வி என்பது மராத்திப் பெயர். அறிவியல் பெயர் ஸ்ட்ரோபிலாந்தஸ் காலோசா. கோடைக்கானலிலும் மூணாறிலும் 2018-இல் பூத்த நீலக்குறிஞ்சியும் இதே ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினம்தான். அதன் சுற்று பன்னிரண்டு ஆண்டு, கார்வியின் சுற்று எட்டு. ஆகவே கார்வியைக் குறிஞ்சியின் பங்காளி என்று வகுப்பில் தாராளமாகச் சொல்லலாம். நீலக்குறிஞ்சி பெரும்பாலும் புல்வெளிச் சரிவில் இடுப்பளவுப் புதராக நிற்கும். கார்வியோ ஆள் உயரத்தைத் தாண்டி, இரண்டு மூன்று மீட்டருக்கு, மரங்களின் அடியில் அடர்ந்து வளரும்.

பொதுவான பாதியை முதலில் பார்ப்போம். ஒடிசாவில் ருஷிகுல்யா ஆற்று முகத்துவாரத்திலும் கஹிர்மாதாவிலும் ஆயிரமாயிரம் ஆமைகள் சில இரவுகளுக்குள் கரையேறி முட்டையிடுகின்றன. இதற்கு அரிபாடா என்று பெயர். ஸ்பானிய மொழியில் வந்து சேர்தல் என்று பொருள். 2025 பிப்ரவரியில் ருஷிகுல்யாவில் மட்டும் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் முட்டையிட்டதாகக் கணக்கெடுத்தார்கள். கார்வியும் அப்படித்தான். ஒரு மலையில் இருக்கும் செடிகள் ஏறக்குறைய எல்லாமே ஒரே வயது, எல்லாமே ஒரே மழைக்கால முடிவில் பூக்கின்றன. போரிவலி மலையை உள்ளடக்கிய சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் 2008, 2016, 2024 என்று அந்த வரிசை போகிறது.

ஏன் இப்படி என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல நவராத்திரிச் சுண்டலே போதும். மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஒரே மாலையில் முப்பது வீட்டில் கொலுவுக்கு அழைத்தால் பிள்ளைகளால் எல்லாச் சுண்டலையும் தின்று தீர்க்க முடியாது, மிஞ்சும். அதே முப்பது வீடு நாளுக்கு ஒன்றாக அழைத்தால் ஒரு கடலை மிஞ்சாது. நாய், நரி, காகம், பருந்து ஆகியவை ஆமை முட்டைக்கும் குஞ்சுக்கும் காத்திருக்கின்றன. எலி, காட்டுக்கோழி, பூச்சி எல்லாம் கார்வி விதையைத் தின்ன வருகின்றன. ஒரே சமயத்தில் அளவுக்கு மீறிக் கொட்டினால் தின்பவற்றின் வயிறு நிரம்பிய பிறகும் மிச்சம் இருக்கும். கார்விக்கு இன்னொரு வசதியும் உண்டு. நடுவில் ஏழு ஆண்டுகள் விதையே இல்லாததால், அந்த விதையை மட்டும் நம்பி ஒரு தின்னிக் கூட்டம் பெருகிவிட முடியாது.

கூட்டத்துக்கு விலையும் உண்டு, அதை மறைக்காமல் சொல்லுங்கள். அரிபாடா நடக்கும் கரையில் நேற்று ஓர் ஆமை முட்டையிட்ட இடத்தையே இன்று வரும் ஆமை தோண்டுகிறது. பழைய முட்டைகள் வெளியே சிதறி உடைகின்றன. உடைந்தவை அழுகி, பூஞ்சையும் பாக்டீரியாவும் மணலில் பெருகி, பக்கத்துக் குழியின் முட்டைகளையும் கெடுக்கின்றன. சில ஆண்டுகளில் ஒரு கரையில் அரிபாடா நடக்காமலே போவதும் உண்டு.

இனி நம்ம ஊருக்கு வருவோம். மும்பையிலும் கொங்கண் கரையிலும் அரிபாடா கிடையாது. இங்கே பங்குனி ஆமை தனியாக வருகிறது, தனியாக முட்டையிட்டுவிட்டுப் போகிறது. வெர்சோவா கரையை வழக்கறிஞர் அஃப்ரோஸ் ஷா 2015 அக்டோபரில் சுத்தம் செய்யத் தொடங்கினார். பெரிய கூட்டம் சேர்ந்து மாதக்கணக்கில் குப்பை அள்ளிய பிறகு, 2018 மார்ச்சில் அங்கே குறைந்தது 80 குஞ்சுகள் மணலிலிருந்து வெளிவந்து கடலுக்குப் போயின. ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் அந்தக் கரையில் காணாத காட்சி அது. அந்தக் குஞ்சுகள் வந்தது ஒரு குழியளவு முட்டைகளிலிருந்து. அதாவது உங்கள் பிள்ளைகளின் கண்முன் இருக்கும் ஆமைக்குக் கூட்டம் தரும் பாதுகாப்பு இல்லை. ஒரு குழியை நான்கு தெருநாய்கள் ஒரே இரவில் காலி செய்துவிடும். அதனால்தான் ஒடிசாவில் கரையை அப்படியே விட்டு வேலியும் காவலும் போடுகிறார்கள். இங்கே முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். ரத்னகிரி மாவட்டத்தில் வேளாஸ் ஊர் மக்களும் சஹ்யாத்ரி நிசர்க மித்ர அமைப்பும் 2002-இலிருந்து செய்துவருவது இதுதான்.

பொரிப்பக வேலை எளிதாகத் தெரியும், ஆனால் நுணுக்கமானது. தாய் ஆமை பின்துடுப்புகளால் ஏறக்குறைய 45 செ.மீ. ஆழத்துக்குக் குழி தோண்டுகிறது. மேலே ஒடுங்கி, அடியில் அகன்று, குடத்தை மண்ணில் புதைத்தாற்போல் இருக்கும் குழி அது. நூறு, நூற்றிருபது முட்டைகள். மேசைப்பந்து அளவு, தோல்போல் மெத்தென்ற ஓடு. மூடிய பிறகு தன் அடி ஓட்டால் இடமும் வலமுமாகத் தட்டித் தட்டி மணலை இறுக்குகிறது. ரிட்லி இன ஆமைகளுக்கே உரிய ஆட்டம் இது. மொத்த வேலையும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். விடியற்காலையில் கரையில் நடப்பவர் டிராக்டர் போன தடம்போல் கடலிலிருந்து மேலேறித் திரும்பும் கோட்டைப் பார்த்து, அதன் உச்சியில் குழியைத் தேடுவார்.

இங்கே முக்கியமானது நேரம். தாயின் வயிற்றில் இருக்கும்வரை முட்டையின் கரு வளர்ச்சி நின்றிருக்கும். கரை சரியில்லை என்றால் ரிட்லி வாரக்கணக்கில்கூட முட்டையைப் பிடித்துவைத்துக் காத்திருக்க முடியும். மணலில் இட்டவுடன் வளர்ச்சி தொடங்கிவிடுகிறது, சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்புறத்தில் மேல்பக்கமாக ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் முட்டையைத் திருப்பினாலோ உருட்டினாலோ அந்த ஒட்டு அறுந்து கரு செத்துவிடும். ஆகவே கண்டெடுத்த குழியை எவ்வளவு விரைவாக மாற்ற முடியுமோ அவ்வளவு நல்லது. பொழுது ஏறிவிட்டால் ஒவ்வொரு முட்டையாக, மேல்பக்கம் மேல்பக்கமாகவே இருக்கும்படி எடுத்து, அதே நிலையில் வைக்க வேண்டும். கோழி முட்டையை எடுத்துப் பார்த்துச் சுற்றும் பழக்கத்தில் பலர் செய்யும் தவறு இதுதான். அந்தத் தவறு ஐம்பது நாள் கழித்துத்தான், ஒன்றும் பொரியாதபோது தெரியும்.

புதிய குழி பழையதன் ஆழத்திலும் வடிவத்திலும் இருக்க வேண்டும். ஆழம் குறைந்தால் சூடு ஏறும், கூடினால் குஞ்சுகள் மேலே வரத் திணறும். வாளிபோல் நேராகத் தோண்டிவிடக் கூடாது. இரண்டு குழிகளுக்கு நடுவே ஒரு மீட்டராவது இடைவெளி வேண்டும். பெரிய ஓதம் ஏறும் கோட்டுக்கு மேலே இடம் பார்க்க வேண்டும், ஏனென்றால் உப்புத் தண்ணீர் ஒருமுறை தேங்கினாலே முட்டைகள் மூச்சுமுட்டிப் போகும். இட்ட தேதி, எடுத்த நேரம், எண்ணிக்கை மூன்றையும் பலகையில் எழுதி நட்டு, 45-ஆம் நாளுக்கு முன்பே குழியின்மேல் கூடையைக் கவிழ்த்து வைப்பார்கள். பொரிய 45 முதல் 60 நாள் ஆகும்.

மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவுசெய்கிறது. 29, 30 டிகிரி செல்சியஸை ஒட்டி இரண்டும் கலந்து பிறக்கும். அதற்குக் குறைந்தால் ஆண்கள், கூடினால் பெண்கள். பொரிப்பகத்துக்கு நிழல்வலை போடுவதா வேண்டாமா என்ற முடிவின் கனம் இதில் இருக்கிறது. மார்ச், ஏப்ரல் வெயிலில் திறந்தவெளியில் விட்டால் பெண்களே பிறக்கலாம், இன்னும் ஏறினால் முட்டையே வெந்துவிடும். நாள் முழுக்க அடர்த்தியான நிழலில் வைத்தால் எல்லாம் ஆண்களாகிவிடும். கார்விக்கு இல்லாத சிக்கல் இது. கார்வியின் ஒவ்வொரு பூவிலும் ஆண் பாகமும் பெண் பாகமும் சேர்ந்தே இருக்கின்றன.

குஞ்சுகள் வெளிவந்ததும் மணலில் தாமே நடந்து கடலுக்குப் போகவிட வேண்டும். 16 முதல் 20 கிராம்தான் இருக்கும். வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை நம்பி, முதல் ஒரு நாள் நிற்காமல் நீந்தி ஆழத்துக்குப் போகும் வேகம் பிறவியிலேயே உண்டு. பார்வையாளர்களுக்காக வாளியில் நெடுநேரம் வைத்திருந்தால் அந்த வேகம் வாளிச் சுவரில் மோதியே வீணாகும். இருட்டில் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் போவது அவற்றின் இயல்பு. அந்தக் காலத்தில் கடல்வானம்தான் வெளிச்சமாக இருந்தது. வெர்சோவாவிலும் ஜூஹுவிலும் கட்டட விளக்குகள் கடலைவிடப் பளிச்சென்று இருக்கின்றன. அதனால் குஞ்சுகள் சாலையை நோக்கித் திரும்பிவிடும். கைப்பேசி விளக்கும் ஃப்ளாஷும் கூடாது என்பது இதற்காகத்தான்.

இப்போது கணக்கு. ஒரு தாய் ஒரு பருவத்தில் இரண்டு முறை, முறைக்கு நூறு என்று, பத்துப் பருவங்கள் முட்டையிட்டதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,000 முட்டை. இனம் கூடாமல் குறையாமல் இருக்க அதில் இரண்டே இரண்டு வளர்ந்து பெரிதானால் போதும். ஆயிரத்தில் ஒன்று என்று பரவலாகச் சொல்வதும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. ஒரு குழி முட்டை நாய்க்குப் போனால் அந்தத் தாய்க்கு அது இருபதில் ஒரு வாய்ப்பு இழப்பு. தாயே வலையில் சிக்கிச் செத்தால் மீதி வாய்ப்புகள் அத்தனையும் போயிற்று. ஆமைக்கு நுரையீரல்தான், அவ்வப்போது மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும். மணிக்கணக்கில் அடியில் இழுபடும் இழுவைமடியில் (டிரால் வலையில்) மாட்டினால் மூழ்கிச் சாகும். அதற்காகக் கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ஆமை விலக்குக் கருவியை வடிவமைத்தது. மடியின் கழுத்தில் சாய்வாகப் பொருத்தும் கம்பிச் சட்டம் அது. மீனும் இறாலும் கம்பிகளின் இடைவெளியில் நுழைந்து பின்னால் போகும். ஆமை கம்பியில் மோதி, மடியில் விட்ட திறப்பு வழியே வெளியேறும். குஞ்சு விடும் விழாவுக்கு வரும் கூட்டத்தில் கால்வாசியாவது இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசினால் நன்றாக இருக்கும். வளர்ந்த பெண் ஆமையின் உயிர்தான் இந்தக் கணக்கில் மிகப்பெரிய எண்.

கார்வியில் கணக்கு தலைகீழ். ஏழு ஆண்டுகள் ஒவ்வொரு மழைக்கும் பச்சைப்பசேலென்று தழைத்து, மழை ஓய்ந்ததும் இலை உதிர்த்து, குச்சிகளாக நிற்கும். அந்தக் குச்சியைப் பார்த்தால் செத்த செடி என்றே தோன்றும். எட்டாவது மழையின் முடிவில், ஆகஸ்டு கடைசியிலிருந்து செப்டம்பர் வரை, நீலமும் ஊதாவும் கலந்த பூக்கள் சரிவு முழுக்க விரியும். மலைத்தேனீக்கள் மொய்க்கும். அந்தப் பருவத்துத் தேன் கெட்டியாக, கருத்து இருக்கும். பூ உதிர்ந்தபின் மிஞ்சும் புல்லிகளில் விரலை வைத்தால் பிசின்போல் ஒட்டும், கடுமையான வாசனை வரும்.

பலர் தவறவிடும் இடம் இதற்கு அடுத்ததுதான். பூ முடிந்தவுடன் விதை கீழே விழுவதில்லை. காய்ந்த கொத்துகளுக்குள்ளேயே குளிர்காலமும் கோடையும் இருந்து, அடுத்த ஜூனில் முதல் மழை பட்டதும் காய்கள் 'பட் பட்' என்று வெடிக்கின்றன. உள்ளே விதைக்கு அடியில் கொக்கிபோல் ஒரு காம்பு உண்டு, வெடிக்கும்போது அது விதையை உந்தி எறிகிறது. ஈரமான மண்ணில் விழுந்து முளைக்க வேண்டும் என்பதற்காக மழைவரை காத்திருக்கும் ஏற்பாடு. ஆமை முட்டையை வயிற்றில் பிடித்துவைத்துக் காத்திருப்பதற்கு இணையாக ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்ட வேண்டும். ஆமை காத்திருப்பது முட்டையிடுவதற்கு முன்னால், கார்வி காத்திருப்பது செத்த பிறகு.

அதனால் கார்விக்கு மிக ஆபத்தான காலம் பூத்த ஆண்டின் அக்டோபருக்கும் அடுத்த ஜூனுக்கும் இடைப்பட்ட எட்டு மாதம். சாதாரண ஆண்டில் காட்டுத்தீ வந்து குச்சியைச் சுட்டாலும் வேர் பிழைத்தால் செடி மறுபடி தழைக்கலாம். இந்த எட்டு மாதத்தில் தீ வந்தால் எட்டாண்டு உழைப்பின் மொத்த விதையும் அதோடு சாம்பல், ஏனென்றால் தாய்ச்செடிக்கு மறுபிறவி கிடையாது. ஆதிவாசிகள் கார்விக் குச்சியை வரிசையாகக் கட்டி, மேலே மண்ணும் சாணமும் பூசிச் சுவர் எழுப்புவது பழைய வழக்கம். விதை தெறித்து முடிந்த பிறகு, எப்படியும் மட்கப்போகும் குச்சியை வெட்டுவதால் செடிக்கு நட்டம் ஏதுமில்லை. பூக்கும்போது கொத்துக் கொத்தாக ஒடித்துக்கொண்டு படம் எடுப்பதுதான் நட்டம். ஆமையில் ஒரு முட்டை போனால் தாய் ஈடுசெய்யும். கார்வியில் ஈடுசெய்ய யாரும் இல்லை.

இணைந்து நேரம் பார்ப்பதிலும் இரண்டும் வேறு. கார்வியின் கணக்கு முளைத்த ஆண்டிலிருந்து ஓடுகிறது, ஆகவே மலைக்கு மலை ஆண்டு மாறும். போரிவலியில் 2024 என்பதற்காக புனே பக்கத்து லோஹகட் கோட்டை மலையிலும் அதே ஆண்டு என்று கிளம்பிவிடக் கூடாது. காஸ் மேட்டுநிலத்தில் பூக்கும் டோப்லி கார்வி வேறு இனம், அதன் சுற்றும் வேறு. ஆமைக்கு இப்படி ஊர்க்கட்டுப்பாடு கிடையாது. 2021-இல் ஒடிசா கரையில் துடுப்பில் அடையாளப் பட்டை பொருத்தப்பட்ட ஓர் ஆமை 2025 ஜனவரியில் ரத்னகிரி மாவட்டத்துக் குஹாகரில் முட்டையிட்டது. கிழக்குக் கரையில் கூட்டத்தோடு இருந்த அதே ஆமை மேற்கே வந்து தனியாக இட்டிருக்கிறது. கூட்டமும் தனிமையும் இந்த ஆமைக்குப் பிறவிக்குணம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வகுப்புக்குக் கிடைக்காது.

அழைத்துப்போவதைப் பற்றி. ஆமைக்கு வேளாஸ் அல்லது ஆஞ்சர்லே, பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. குஞ்சு விடுவது காலையும் மாலையும். ஒரு நாளில் போய்த் திரும்பினால் ஏமாற வாய்ப்புண்டு, ஒரு இரவு தங்குங்கள். ஊர் வீடுகளிலேயே தங்கலாம். கிளம்பும் முன் எந்தக் குழி எத்தனையாவது நாளில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள், 50-ஐத் தாண்டிய குழி இருந்தால் நம்பிப் போகலாம். வெர்சோவாவில் ஆமையைப் பார்ப்போம் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள், அங்கே அது அரிது. மும்பைக் கரையில் எங்காவது ஆமையோ முட்டையோ கண்டால் தொடாமல், தண்ணீரில் தள்ளாமல், நாயை மட்டும் விரட்டிவிட்டு வனத்துறையின் 1926 எண்ணுக்குச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் ஒதுங்குபவை பெரும்பாலும் அடிபட்டவை, அவற்றைத் தஹானுவில் உள்ள சிகிச்சை மையத்துக்குக் கொண்டுபோவார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் வீட்டுக்கு எடுத்துப்போவது குற்றம்.

கார்விக்கு போரிவலியில் கான்ஹேரி குகைக்குப் போகும் சாலையோரச் சரிவே போதும். பூங்காவுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அடுத்த பூ 2032 செப்டம்பரை ஒட்டி. நடுவில் போனாலும் பார்க்க இருக்கிறது: ஜூலையில், மரத்தடியில், ஓரம் பல்பல்லாக வெட்டிய பெரிய இலைகள் எதிரெதிர் ஜோடியாக, நரம்பு எடுப்பாகத் தெரியும் செடிகளைத் தேடச் சொல்லுங்கள். ஒரு சதுர மீட்டர் கயிறு கட்டி அதற்குள் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். எல்லாம் ஒரே உயரமாக இருக்கும். ஏன் என்று பிள்ளைகளே கேட்பார்கள், அங்கிருந்து பாடத்தைத் தொடங்கலாம்.